உட்கார்ந்துதானே போகிறாய், அதில் என்ன களைப்பு?

கேள்வி: டாக்டர், எனக்கு 38 வயது. ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நான்கு வருஷத்துக்கு முன்னால் பெரிய வீடாகப் பார்த்து ஊருக்கு வெளியே குடிவந்தோம். அன்றிலிருந்து வேலைக்குப் போக ஒன்றே முக்கால் மணி நேரம், திரும்பி வர ஒன்றே முக்கால் மணி நேரம். ஸ்கூட்டரில் ரயில் நிலையம், அப்புறம் ரயில், அப்புறம் பஸ். காலை 4.45-க்கு எழுந்து வேலைகளை முடித்து 6.45-க்குக் கிளம்புகிறேன். திரும்பி வர எட்டு மணி. படுக்க 11.15 ஆகிவிடுகிறது. கழுத்தும் இடுப்பும் எப்போதும் வலிக்கின்றன. சாயங்காலமானால் தலைவலி. எடை கூடிக்கொண்டே போகிறது. வழியில் கழிப்பறை சரியில்லை என்பதால் கிளம்பும்முன் தண்ணீரே குடிப்பதில்லை. ஒன்பது வயது மகன் மேல் எரிந்து விழுந்துவிட்டுப் பிறகு அழுகிறேன். மோசமான அம்மா ஆகிவிட்டேனோ என்று தோன்றுகிறது. கணவரிடம் சொன்னால், "உட்கார்ந்துதானே போகிறாய், அதில் என்ன களைப்பு?" என்கிறார். எனக்கு ஏதாவது நோயா? போகப்போகப் பழகிவிடுமா? கார் வாங்கினால் சரியாகுமா? இல்லை, வேலையையே விட்டுவிடட்டுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் குத்திக்காட்டுவதற்காக அப்படிக் கேட்டிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. மூட்டை தூக்கவில்லை, வெயிலில் நிற்கவில்லை, பின்னே எங்கிருந்து வருகிறது இந்தக் களைப்பு என்ற சந்தேகம் நிறையப் பேருக்கு உண்டு. தினமும் அலைகிறவர்களுக்கே உண்டு. அதனால்தான் நீங்களும் நோயோ என்று பயப்படுகிறீர்கள். உங்கள் களைப்பு நிஜம். அதற்குப் பல காரணங்கள் சேர்ந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் பெரிய காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அதைப் புகாராகச் சொல்லவில்லை. 11.15-க்குப் படுத்து 4.45-க்கு எழுகிறேன் என்கிறீர்கள். ஐந்தரை மணி நேரத் தூக்கம்.

பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும். உங்களுக்குத் தினமும் ஒன்றரை மணி நேரம் குறைகிறது. வேலைக்குப் போகும் ஐந்து நாளில் ஏழரை மணி நேரம், அதாவது ஒரு முழு இரவு போய்விடுகிறது. பயண நேரம் கூடினால் அந்த நேரத்தை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். அலுவலக நேரத்தில் எடுக்க முடியாது. சமையலில் எடுக்க முடியாது, பிள்ளையின் பாடத்தில் எடுக்க மனம் வராது. யாருடைய அனுமதியும் கேட்காமல் கைவைக்கக் கூடியது தூக்கம் மட்டும்தான். என்னிடம் வரும் தூரத்துப் பயணிகளில் பெரும்பாலோர் இடுப்பு வலி என்றோ எரிச்சல் என்றோ சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

பழகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பழகாது. 2003-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமாக இருந்தவர்களை இரண்டு வாரம் இரவில் ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ மட்டும் தூங்கவைத்துப் பார்த்தார்கள். நாளாக நாளாக அவர்களுடைய கவனம் சரிந்துகொண்டே போனது. கடைசியில், ஓரிரு இரவு கண்ணே மூடாதவர்களின் நிலைக்கு வந்துவிட்டார்கள். கவலைப்பட வேண்டிய விஷயம் என்னவென்றால், அவர்களைக் கேட்டபோது லேசான தூக்கக் கலக்கம்தான் இருப்பதாகச் சொன்னார்கள். தூக்கம் குறைந்த மூளை தன் நிலைமையைத் தானே சரியாக எடைபோடுவதில்லை. நான்கு வருஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேனே என்று நீங்கள் நினைத்தால், அந்த நினைப்பையும் சந்தேகப்படுங்கள்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை, கண் ஒத்துழைப்பு ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 1997-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஓர் ஆய்வு வந்தது. பல நாடுகளில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் விதிக்கும் உச்சவரம்பே அதுதான். 4.45-க்கு எழும் உங்களுக்கு அந்த 17 மணி நேரம் இரவு 9.45-க்கு முடிகிறது. வீட்டுப்பாடம், வரவு செலவு, நாளைக்கு என்ன என்கிற பேச்சு எல்லாம் அதற்குப் பிறகுதான் நடக்கிறது என்றால் குரல் உயராமல் என்ன செய்யும்? மோசமான அம்மா என்று எழுதியிருக்கிறீர்களே, அப்படி நினைக்காதீர்கள். தூக்கம் இல்லாத எந்த அம்மாவும், எந்த அப்பாவும் அந்த நேரத்தில் அப்படித்தான் இருப்பார்கள்.

இதைவிட அவசரமான ஒன்றும் இருக்கிறது. மாலை ரயிலில் கண்ணயர்ந்து, நிலையம் வந்ததும் திடுக்கிட்டு எழுந்து, நேராகப் போய் ஸ்கூட்டரை எடுக்கிறீர்களா? தூங்கி எழுந்த முதல் கால் மணி நேரம் மூளை முழுதாக விழித்திருக்காது. இறங்க வேண்டிய இடத்துக்குக் கால் மணி நேரம் முன்னதாகவே எழும்படி போனை அதிர்வில் வையுங்கள். எழுந்ததும் முகம் கழுவிக்கொள்ளுங்கள், பிளாட்பாரத்தில் நாலு நடை நடங்கள், அப்புறம் வண்டியைத் தொடுங்கள். அன்றைக்குக் கண் சொருகுகிறது என்றால் ஸ்கூட்டர் நிலையத்திலேயே நிற்கட்டும். கணவரை வரச் சொல்லுங்கள். காலை ரயிலில் இருபது நிமிடம் தூங்குவது நல்லது, தாராளமாகத் தூங்குங்கள். மாலையில் நெடுநேரம் தூங்கினால் இரவுத் தூக்கம் தள்ளிப்போகும்.

சரி, அந்த ஒன்றரை மணி நேரத்தை எப்படி மீட்பது? இந்தப் பத்தியை உங்கள் கணவரும் படிக்க வேண்டும். 10.15-க்குப் படுத்து 5.15-க்கு எழுந்தால் ஏழு மணி நேரம் கிடைத்துவிடும். அதற்குக் காலையில் அரை மணி நேர வேலையும், இரவில் ஒரு மணி நேர வேலையும் உங்கள் கையிலிருந்து போக வேண்டும். எந்தெந்த வேலை என்று பெயர் சொல்லிப் பிரியுங்கள். "நானும் உதவி செய்கிறேன்" என்பது போதாது. இரவுப் பாத்திரம், துணி மடிப்பு, மகனின் பள்ளிப்பை என்று எதுவோ, அது முழுக்க அவருடையது, நீங்கள் நினைவூட்டக்கூட வேண்டாம் என்று இருக்க வேண்டும். வீட்டு வேலையைப் பங்குபோடும்போது பயண நேரத்தையும் வேலை நேரமாகவே எண்ணுங்கள். உங்கள் பயணம் வாரத்துக்குப் பதினேழரை மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாள் இரண்டைவிட அதிகம். வருஷத்துக்கு 48 வாரம் என்று வைத்தால் 840 மணி நேரம், இரவும் பகலுமாக 35 முழு நாள். இந்த எண்ணைப் பார்த்த பிறகு எந்தக் கணவரும் பழைய கேள்வியைத் திரும்பக் கேட்டதாக நான் அறிந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்கி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். அன்றைக்கு இரவு தூக்கம் வராது, திங்கட்கிழமை இன்னும் மோசமாகிவிடும். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் அதிகம், பிற்பகலில் ஒரு குட்டித் தூக்கம், அவ்வளவு போதும். மாலை நாலு மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். காபியில் உள்ள காஃபீனில் பாதி, சுமார் ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

இனி உட்கார்ந்திருப்பதில் என்ன களைப்பு என்ற கேள்விக்கு வருகிறேன். உடம்பு உட்கார்ந்திருக்கிறது, ஆனால் மனம் காவல் காத்துக்கொண்டிருக்கிறது. மாலையில் பஸ்ஸில் இருக்கும்போது என்ன செய்கிறீர்கள் என்று கவனித்துப் பாருங்கள். சிக்னலில் பஸ் நின்றால் கை தானாகப் போனில் மணி பார்க்கும். இன்னும் எட்டு நிமிடம், இன்னும் ஆறு நிமிடம். அந்த ரயில் போய்விட்டால் அடுத்தது எப்போதோ. ஓட வேண்டியிருக்குமோ என்று பையை மடியிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டிக்கொள்கிறீர்கள், தாடை இறுகியிருக்கிறது, தோள் காது வரை ஏறியிருக்கிறது. இப்படி அரை மணி நேரம் இருந்தால் கழுத்து வலிக்காமல் இருக்குமா? உங்கள் சாயங்காலத் தலைவலியில் பாதி இங்கேதான் பிறக்கிறது என்று நினைக்கிறேன்.

நியூயார்க்குக்கு ரயிலில் வேலைக்கு வந்துபோகிறவர்களை ரிச்சர்ட் வெனர், கேரி எவன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். பயணம் நீள நீள, எச்சிலில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் கூடியிருந்தது. இன்றைக்கு எப்படி இருக்குமோ என்று கணிக்க முடியாத பயணம் என்று உணர்ந்தவர்களுக்கு அழுத்தம் அதிகம். முன்பு வண்டி மாறிப் போன தடத்தில் நேரடி ரயில் விட்ட பிறகு, அதில் போகிறவர்களின் அழுத்தம் குறைந்தது. ஆக, தூரத்தைக் குறைக்க முடியாவிட்டாலும் மாறி ஏறுவதையும் நிச்சயமின்மையையும் குறைக்க முடிந்தால், அதுவே பெரிய நிவாரணம்.

அதற்கு உங்கள் அலுவலகத்தில் ஒன்று கேளுங்கள். வேலை தொடங்கும் நேரத்தில் அரை மணி முன்னே பின்னே வர அனுமதி. வேலை நேரம் குறையப் போவதில்லை. எப்போது வந்தீர்களோ அதிலிருந்து கணக்கு. நிறுவனத்துக்கு அநேகமாகச் செலவே இல்லாத சலுகை, உங்களுக்கோ மாத்திரையைவிடப் பலன் தரும். ஒரு ரயில் தவறினால் தலை போகாது என்ற நிலை வந்துவிட்டால், அதே பயணம் வேறு மாதிரி ஆகிவிடும். கணக்குப் பிரிவில் மாதக் கடைசி நெருக்கடி இருக்கும், புரிகிறது. அந்த நாட்களை விட்டுவிட்டு மற்ற நாட்களுக்குக் கேளுங்கள். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க விட்டால் ஏழு மணி நேரம் மிச்சம். அந்த ஏழு மணி நேரத்தில் தூக்கத்துக்கு முதல் பங்கு, சமையலுக்கு இல்லை.

தண்ணீர் விஷயம் என்னை ரொம்ப யோசிக்கவைத்தது. இதைப் பெண்கள் டாக்டரிடம்கூடச் சொல்வதில்லை, நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். காலையில் நாலு மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கிக்கொண்டும் இருந்தால் தலைவலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று எல்லாம் வரிசையாக வரும். எழுந்தவுடன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிடுங்கள். 5.15-க்கு எழுந்தாலும் கிளம்ப ஒன்றரை மணி நேரம் இருக்கிறதே, பெரும்பகுதி அதற்குள் வெளியேறிவிடும். கிளம்பும் நிமிடத்தில் ஒருமுறை கழிப்பறைக்குப் போய்விட்டு வாருங்கள். காலைக் காபியை அலுவலகம் போய்க் குடியுங்கள், அது சிறுநீரைத் தூண்டும். வழியில் வாய் நனையும் அளவுக்கு ஒரு வாய், இரண்டு வாய் குடிக்கலாம். அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில் நன்றாகக் குடித்து, கிளம்பும் முன் ஒரு மணி நேரத்தில் மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். எரிச்சலோ அடிக்கடி போகும் உணர்வோ இருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். ரயில் நிலையத்தில் சுத்தமான கழிப்பறை வேண்டும் என்று உங்களைப் போன்ற பயணிகள் சேர்ந்து எழுத்தில் கேட்கவும் வேண்டும். பெண்களின் உடல்நலத்துக்கு அது அடிப்படை.

இடுப்புக்குச் சில வார்த்தைகள். உட்காரும்போது இடுப்பை சீட்டின் பின்பக்கம் வரை தள்ளி உட்காருங்கள். ஒரு சின்னத் துண்டைச் சுருட்டிக் கீழ் முதுகில் வையுங்கள். போனைக் குனிந்து பார்க்காமல் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். பையை ஒரு தோளில் மாட்டுவதை விட்டு முதுகுப்பைக்கு மாறுங்கள். அந்தப் பையை ஒருநாள் கட்டிலில் கொட்டிப் பாருங்கள். லேப்டாப் தினமும் வீட்டுக்கு வந்துதான் ஆக வேண்டுமா? சார்ஜர் இரண்டாக இருந்தால் ஒன்றை அலுவலகத்திலேயே விட்டுவிடலாமே? சும்மா பயணம் செய்யும் பொருட்கள் பாதிக்குப் பாதி இருக்கும்.

எடை விஷயத்தில், தனியாக உடற்பயிற்சிக்கு நேரம் ஒதுக்கு என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனமில்லை, நேரம் இல்லை என்று தெரியும். ஆனால் அசைவு வேண்டும். 1953-இல் லண்டன் டாக்டர் ஜெர்ரி மாரிஸ், மாடி பஸ்களின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு எழுதினார். ஒரே பஸ், ஒரே தெரு. ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிக்கொண்டிருந்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு நோய் குறைவு. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு கேட்கிறது. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் சேரும் என்ற பழைய நிபந்தனை 2020-இல் எடுக்கப்பட்டுவிட்டது. பிளாட்பாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வேகமாக நடப்பது, படிக்கட்டு, மாலையில் இரண்டு நிறுத்தம் நின்றுகொண்டு வருவது எல்லாமே உடம்புக்குப் பலன்தான். தூக்கம் சரியானால் பசியும் ஓரளவு அடங்கும். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் ஏறுமாறாகிவிடுகின்றன, களைப்பில் கை நொறுக்குத் தீனிக்குத்தான் போகும்.

இயர்போனில் பாட்டுக் கேட்பீர்களானால் சத்தத்தைக் கவனியுங்கள். ரயில் இரைச்சலை மீறிக் கேட்பதற்காகச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவோம். சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கில், 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபல் என்றால் வாரம் 4 மணி நேரம்தான் பாதுகாப்பு.

கார் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பிரிட்டனில் ஏறத்தாழ 18,000 பேரிடம் 18 வருஷம் திரட்டிய தகவல்களை வைத்து 2014-இல் வந்த ஆய்வில், தானே கார் ஓட்டிப் போகிறவர்களைவிடப் பொதுப் போக்குவரத்தில் போகிறவர்களின் மனநலம் நன்றாக இருந்தது. காரில் நீங்கள் கண்ணை மூட முடியாது, படிக்க முடியாது, நடக்கவும் மாட்டீர்கள். ஐந்தரை மணி நேரம் தூங்குகிற ஒருவர் தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஸ்டீயரிங் பிடிப்பதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

நோயா என்ற கேள்வியை நான் ஒதுக்கிவிடவில்லை. எல்லாப் பழியையும் ரயில் மேல் போட்டுவிட்டு, உள்ளே இருக்கும் கோளாறைத் தவறவிடக் கூடாது. ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை இந்த நான்கையும் பார்த்துவிடுங்கள். மாதவிடாயில் போக்கு அதிகமாக இருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தசோகையின் களைப்பும் பயணக் களைப்பும் ஒன்று போலவே இருக்கும். பலத்த குறட்டை உண்டா என்று கணவரிடம் கேளுங்கள். அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும், தயங்க வேண்டியதில்லை. கால் ஒன்றில் மட்டும் வீக்கம், நெஞ்சில் இறுக்கம், கை மரத்துப்போவது போன்றவை இருந்தால் அன்றைக்கே காட்டுங்கள்.

கடைசியாக, வேலையை விடுவது. இப்போது முடிவெடுக்க வேண்டாம், இந்தக் களைப்பில் எல்லா வழியும் அடைந்ததாகத்தான் தெரியும். பெரிய வீட்டுக்காக தூரம் போனதை நினைத்து உங்களை நொந்துகொள்ளவும் வேண்டாம். ஜெர்மனியில் வருஷா வருஷம் அதே குடும்பங்களைக் கேட்டுத் திரட்டிய தகவல்களை அலோயிஸ் ஸ்டட்சர், ப்ரூனோ ஃப்ரே என்ற பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2008-இல் எழுதினார்கள். தூரம் போய்வருகிறவர்கள் தங்கள் வாழ்க்கையில் குறைந்த நிறைவையே உணர்ந்தார்கள், நல்ல வீடோ கூடுதல் சம்பளமோ அதை முழுதாக ஈடுகட்டவில்லை. வீடு பார்க்கும்போது அறைகள் கண்ணில் படுகின்றன, திங்கட்கிழமை மாலை ரயில் கண்ணில் படுவதில்லை. எல்லோருக்கும் அப்படித்தான்.

முதலில் மூன்று வாரம் 10.15-க்குப் படுத்துப் பாருங்கள். படுத்த நேரம், எழுந்த நேரம், தலைவலி வந்ததா என்று ஒரு நோட்டில் தினமும் ஒரு வரி எழுதுங்கள். அதற்குள் அலுவலகத்தில் பேசிவிடுங்கள். இரண்டும் நடந்தும் உடம்பு தேறவில்லை என்றால் தூரத்தைத்தான் குறைக்க வேண்டும். அப்போதும் ராஜினாமாவுக்கு முன்னால் ஒன்று முயற்சி செய்யலாம். இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, அலுவலகத்துக்கும் மகனின் பள்ளிக்கும் இடைப்பட்ட ஏதாவது ஓரிடத்தில் சின்ன வீடாக ஆறு மாதம் இருந்து பாருங்கள். பள்ளி விடுமுறையில் மாறினால் அவனுக்கும் சிரமம் குறைவு. அங்கேயும் அதே நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். பயணம் குறைந்தும் அதே களைப்பு, அதே தலைவலி என்றால் காரணம் வேலையிடத்தில் இருக்கிறது, வேறு வேலை தேடலாம். குறைந்துவிட்டது என்றால் வேலையைத் தொட வேண்டாம், வீட்டைப் பற்றித்தான் நீங்கள் இருவரும் பேச வேண்டியிருக்கும்.